ஒல்லாந்துக்குப் பதினான்கு குண்டூசிகள்

நான்கு ரேந்தைத் தலையணைகளை நெருக்கி வைத்து, அவற்றின் மேல் ஒரு நாட்டை விரித்திருந்தோம். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன வரைபடம் அது. கிழிசலுக்குப் பின்புறம் மெல்லிய துணி ஒட்டியிருந்தது. ரேந்தை, அதாவது லேஸ், பின்னும் பெண்கள் நூல் இழுபடாமல் இருக்கத் தலையணையில் குத்தும் பித்தளைக் குண்டூசிகளில் பதினான்கை எடுத்து, தலையில் ஊசிக்கொரு கண்ணாடி மணி கோத்து, அந்த வரைபடத்தில் குத்தியிருந்தோம். கடலோரத்தில் முதல் ஊசி. அங்கிருந்து உள்நாட்டுக்குப் போய், ஒரு பெரிய ஏரியைச் சுற்றி, மறுபடியும் கடலோரத்துக்கே வந்து சேரும் வரிசை. ஒரு ஊசி என்றால் ஒரு இரவு தங்கல். ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே இருபது மைல் சைக்கிள் பயணம். ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் விழும்போது அந்த மணிகளெல்லாம் ஒன்றாக மினுங்கும். அந்தப் பதினான்கு இரவுகளில் ஒன்றைக்கூட நான் அங்கே கழிக்கவில்லை.

ஐந்து வருடத்துக்குப் பிறகு இந்த மாசி மாதம் அதைப் பற்றி எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் இப்போது கொட்டாரத்தில் என் மாமனார் வீட்டில் இருக்கிறேன். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். கணவர் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் குமாஸ்தா. வருடத்துக்கு ஒருமுறை வருவார். மாமனார் விடிந்ததும் வயலுக்குப் போனால் இருட்டும்போதுதான் திரும்புவார். இடைப்பட்ட பொழுதெல்லாம் வீட்டில் நானும் எட்டு மாதப் பெண்குழந்தையும்தான். அவள் தூங்கினால் வீட்டில் சத்தமே இராது. சத்தமில்லாமல் இருக்கிறதே என்று பயம் வந்து, போய் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வரும். திரும்பி வந்து உட்கார்ந்ததும், சரியாகத்தான் பார்த்தேனா என்று தோன்றும். மறுபடியும் எழுந்து போவேன்.

அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. எங்கள் ரேந்தைப் பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா இங்கிலாந்திலிருந்து எழுதியது. நான் கற்றுக்கொடுத்த தமிழில், எழுத்துகள் கொஞ்சம் தடித்துப்போய், ஒன்றரைப் பக்கம். வருகிற மே மாதம் ஒல்லாந்துக்குச் சைக்கிள் பயணம் போகப்போவதாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி: "நீ வருவாயா? இந்த முறை பதிலை உன்னிடமிருந்தே கேட்க விரும்புகிறேன்." பதில் எழுதப் பதினொரு நாள் ஆயிற்று. அந்தப் பதினொரு நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து புதுக்கடைக்குப் போகும் வழியில் எங்கள் ஊர். அங்கே ரோடு என்பது ஏறுவதும் இறங்குவதும்தான். செம்மண் மேட்டில் ஏறி மூச்சு வாங்கி நின்றால், அடுத்த பள்ளம் காலடியில் தெரியும். அந்த ஊரில் மிஸ்ஸியம்மாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குப் போய், அங்கே பெண்கள் பின்னி வைத்த ரேந்தையை வாங்கிக்கொண்டு, புது நூல் கொடுத்துவிட்டு வருவதற்கு அதைத்தான் வைத்திருந்தார். இறக்கத்தில் பறப்பார். ஏற்றத்தில் இறங்கி, முகம் சிவக்கத் தள்ளிக்கொண்டு நடப்பார். ஒருநாள் பனையேறும் பெரியவர் ஒருவர் வழியில் நின்று கேட்டார்: "மிஸ்ஸியம்மா, சைக்கிளு ஒங்கள சொமக்குதா, நீங்க சைக்கிள சொமக்குறியளா?" மிஸ்ஸியம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "நாங்கள் முறை வைத்துக்கொள்கிறோம்" என்றார். அந்தப் பதில் ஒரு வாரம் ஊர் முழுக்கச் சுற்றியது.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எனக்கு இருபத்தொன்று. ரேந்தைப் பள்ளியில் பெண்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் எழுத்து படிப்பிப்பது என் வேலை. சாயங்காலம் மிஸ்ஸியம்மாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது இரண்டாவது வேலை. எனக்கு முன்பு அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு முன்ஷி இருந்தார். அவர் நிகண்டு மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்கிறார். "எனக்கு யானைக்கு நாற்பது பெயர் தெரியும். உப்பு வாங்கத் தெரியவில்லை" என்று மிஸ்ஸியம்மா என்னிடம் குறைப்பட்டார். அதனால் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவருக்குப் பிடித்த எதையாவது தமிழில் பேசச் சொன்னேன். அவர் ஒல்லாந்தைப் பற்றிப் பேசினார்.

படிக்கிற காலத்தில் ஒரே ஒரு முறை, இரண்டு நாள் மட்டும் அங்கே போயிருக்கிறாராம். மேடே இல்லாத தேசம். உள்ளங்கைபோல் தட்டை. வண்டிக்கு ஒரு பாதை என்றால் பக்கத்திலேயே சைக்கிளுக்கென்று தனிப் பாதை. கிழவிகள், பாதிரிமார், மீன்காரிகள், பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்த தாய்மார், எல்லோரும் சைக்கிளில்தான் போவார்களாம். யாரும் யாரையும் நின்று பார்க்க மாட்டார்களாம். சில ஊர்களில் அந்தப் பாதையில் கடற்சிப்பியை நொறுக்கிப் பரப்பியிருப்பார்களாம், சக்கரம் போகும்போது நறநறவென்று சத்தம் கேட்குமாம். இங்கே தேங்காப்பட்டணத்துக் கரையில் சிப்பியை அள்ளி வந்து சுண்ணாம்புக்கு நீற்றுவதுதான் எனக்குத் தெரியும். அதைப் பாதையில் கொட்டுவார்கள் என்பதே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. "அங்கே காற்று ஒன்றுதான் மலை" என்றார் ஒருநாள். "எதிர்காற்று அடித்தால் நீயும் நானும் ஒருவர் பின்னால் ஒருவர் போக வேண்டும். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு மாறிக்கொள்ளலாம்."

நீயும் நானும் என்று அவர் சொன்னது முதலில் பாடத்துக்காகத்தான் என்று நினைத்தேன். இப்போதும் அது எந்த நாளில் பாடமாக இல்லாமல் போயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் வரைபடம் வந்தது. இன்னொரு நாள் ஊசிகள் வந்தன. ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தால் அங்கே எங்கே தங்குவது, காலையில் என்ன சாப்பிடுவது, அடுத்த ஊருக்கு எந்தக் கால்வாய்க் கரையோடு போவது என்று எல்லாவற்றையும் அவர் தமிழில் சொல்ல வேண்டும். நான் திருத்துவேன். நானும் கேள்வி கேட்பேன். என் கேள்விகளெல்லாம் கவலைகள்தான். தலை குளிக்க வெந்நீர் கிடைக்குமா? தினமும் ரொட்டியா? மழை பெய்தால் எங்கே ஒதுங்குவது? ஞாயிற்றுக்கிழமையும் சைக்கிளில் போகலாமா, அது பாவமில்லையா? எதற்கும் அவர் சிரிக்க மாட்டார். ஒரு தாளில் என் கவலைகளை வரிசையாக எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் ஒவ்வொன்றுக்கும் பதில் கொண்டுவருவார். என் கவலைகளை அத்தனை மரியாதையாக நடத்தியவர்கள் அவருக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

சேலை சக்கரத்தில் சிக்குமே என்பது என் பெரிய கவலை. அதற்கு அவர் பதில் கொண்டுவரவில்லை, நானே கண்டுபிடித்தேன். தடித்த நூலில் விசிறிபோல ஒரு வலை பின்னி, பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினேன். ரேந்தைப் பள்ளியின் பின்முற்றத்தில் அந்தச் சைக்கிளை ஓட்டிப் பழகினேன். விழுந்தேன். முழங்கை சிராய்ந்தது. பின்னிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். "எக்கா, பைய! கெணத்துக்குள்ள போயிராதிய!" என்று ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி, "சீமைக்குப் போனா சேலைய மாத்திக் கவுனு போட்டுருவியளா, எக்கா? பொறவு எங்களக் கண்டா பேசுவியளா?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நான்கு நாளில் கிணற்றைச் சுற்றி விழாமல் ஒரு வட்டம் போட்டுவிட்டேன். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது கால்கள் என்னுடையவை இல்லைபோல இருந்தன.

எனக்கு உண்மையிலேயே அங்கே போக ஆசையாக இருந்ததா என்று இந்தப் பதினொரு நாளில் பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். இருந்தது. சைக்கிளைவிட எனக்கு வேறொன்றின் மேல்தான் ஆசை. அந்த நாட்டின் சில ஊர்களில் வயதான பெண்கள் இன்னமும் தலையில் ரேந்தைக் குல்லாய் வைத்துக்கொள்வார்கள் என்று மிஸ்ஸியம்மா சொல்லியிருந்தார். நான் பத்து வயதிலிருந்து ரேந்தையைப் பார்க்கிறேன். என் அம்மாவும் பின்னுவாள். எங்கள் ஊரில் ஒருத்தியும் அதை உடுத்துக் கண்டதில்லை. பின்னியதெல்லாம் பெட்டியில் அடைபட்டுக் கப்பலேறிப் போகும். அதை ஒரு மனுஷி தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவதை, மீன் பேரம் பேசுவதை, ஒரே ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்றிருந்தது. ஏழாவது ஊசி அதற்காகவே குத்தியது. அந்த ஊரில் மட்டும் மறுநாள் மத்தியானம் வரை இருந்துவிட்டுப் புறப்படலாம் என்று மிஸ்ஸியம்மா சொன்னார்.

அந்த வருடம் கார்த்திகையில் பேச்சு நிஜமாயிற்று. சித்திரையில் மிஸ்ஸியம்மாவுக்கு ஒரு வருட விடுப்பு. என்னையும் கூட்டிப்போய், ஒரு வருடம் ஆசிரியைப் பயிற்சி கொடுத்துத் திருப்பி அனுப்ப அவரை அனுப்பிய மிஷன்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் பதினான்கு நாள் எங்களுடையது. அவர்கள் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். என் அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். யாருக்கும் எதிரே நின்று முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர், அதுவும் மிஸ்ஸியம்மாவுக்கு. "அதுக்கென்னம்மா, கர்த்தருக்குச் சித்தமானா நடக்கும். பாப்போம்" என்றார். மிஸ்ஸியம்மா சந்தோஷமாகத் தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவர் சைக்கிள் திருப்பத்தில் மறைகிறவரை அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, கொளச்சலில வச்சு நம்ம ராஜா அடிச்சு ஓட்டுன ஒல்லாந்தனுக்க ஊருக்கா நீ போவப்போற? பழி வாங்கிருவானுவ, கேட்டியா?"

தாத்தாவின் தாத்தா காலத்துச் சண்டை அது. நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் இதை மிஸ்ஸியம்மாவிடம் சொன்னபோது, "அவர்கள் மறந்திருப்பார்கள். தோற்றவர்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள்" என்றார். அந்த வாக்கியத்தில் திருத்த ஒரு பிழையும் இல்லை.

தை மாதம் கொட்டாரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பேசி முடித்தார்கள். நல்ல குடும்பம், படித்த மாப்பிள்ளை. எனக்குச் சம்மதமா என்று அப்பா கேட்கத்தான் செய்தார். கேட்கவில்லை என்று சொன்னால் பொய். நான் தலையைக் குனிந்தேன். எங்கள் பக்கத்தில் அது சம்மதம். வேறு எந்தப் பதிலுக்கும் அங்கே ஒரு சைகை இல்லை. எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்காமலும் இல்லை. இரண்டு ஆசைகள் ஒன்றாக வந்தால் அதில் ஒன்றைச் சொல்லத்தான் வாய் வேண்டும். பேசாமல் இருப்பவளுக்கு முன்னால் வருவதுதான் கிடைக்கும்.

கல்யாணம் நிச்சயமானதை மிஸ்ஸியம்மாவிடம் யார் சொல்வது? தன் கல்யாணத்தைத் தன் வாயால் சொல்கிற பெண் எங்கள் ஊரில் கிடையாது. அப்பா ஐயரிடம் சொல்லிவிட்டார். ஐயர் என்றால் எங்கள் சபையின் போதகர். மிஸ்ஸியம்மாவோடு தினமும் பேசுகிறவர் ஐயர்தான், ஆகவே அவர் சொல்லிவிடுவார் என்பது அப்பாவின் எண்ணம். தினமும் சாயங்காலம் கூடவே உட்கார்ந்திருக்கிற பெண் சொல்லாமலா இருப்பாள் என்பது ஐயரின் எண்ணம். ரேந்தைப் பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள். ஆனால் மிஸ்ஸியம்மாவின் காலடி கேட்டதும் தலைகுனிந்து பின்ன ஆரம்பித்துவிடுவார்கள். ஊருக்கே தெரிந்த ஒரு விஷயம் அந்த ஒருவருக்கு மட்டும் தெரியாமல் இரண்டு மாதம் இருந்தது. எனக்கும் அப்பா சொல்லியிருப்பார் என்றுதான் எண்ணம். இல்லை, அதுவும் சரியில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸியம்மா முகத்தைப் பார்த்தாலே அவருக்குத் தெரியாது என்பது தெரிந்தது.

ஒருநாள் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு போனேன். அவர் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கை முழுக்கக் கரி. என்னைக் கண்டதும், "பத்தாவது ஊரை மாற்ற வேண்டும்! அங்கே ஒரு பாலம் இருக்கிறது. படகு வந்தால் பாலம் மேலே எழும்பிவிடும். நாம் கரையில் நின்று காத்திருக்க வேண்டும். உனக்குக் காத்திருக்கப் பிடிக்குமா?" என்று கேட்டார். எனக்குப் பிடிக்கும் என்றேன். உள்ளே போய் நானே மணியைக் கோத்து, பதினோராவது ஊசியையும் குத்திவிட்டு வந்தேன். பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. கல்யாணம் நிச்சயமான பிறகு குத்தியவை அந்த நான்கும். ஏன் குத்தினேன் என்று என்னையே கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு பதில் வருகிறது. அவர் மனம் நோகக் கூடாது என்பது ஒருநாள். இன்னும் கொஞ்ச நாள் அங்கே போகிறவளாக இருந்து பார்க்கலாம் என்பது இன்னொரு நாள்.

பங்குனியில் ஓலை வாசித்தார்கள். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையின் நடுவில் ஐயர் மாப்பிள்ளை பெண் பேரை வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார். அதுதான் ஓலை. முதல் ஓலை அன்று நான் கோவிலுக்குப் போனேன், பிள்ளைகளின் பாட்டை நான்தான் நடத்த வேண்டும். பெண்கள் பாயில் உட்கார்ந்திருப்போம். முன்வரிசையில் ஒரு பிரம்பு நாற்காலியில் மிஸ்ஸியம்மா. என் இடத்திலிருந்து அவருடைய தொப்பியும் கழுத்தும் மட்டும் தெரியும். ஐயர் என் பேரை வாசித்தார். அப்பா பேர், கொட்டாரம், மாப்பிள்ளை பேர். பிறகு, "நியாயமான தடை அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்கலாம். இது முதல் ஓலை" என்றார். அந்தத் தொப்பி அசையவில்லை. ஒரு வார்த்தையாவது அவருக்குப் புரியாமல் போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஆனால் அவருக்கு எல்லாம் புரியும். சொல்லிக்கொடுத்தது நான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவர் நேராக என்னிடம் வந்தார். சுற்றிலும் பெண்கள். தாழ்ந்த குரலில், "இது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாமலே பேசி முடித்துவிட்டார்களோ என்று அவருக்கு ஒரு சந்தேகம், அல்லது நம்பிக்கை. தெரியாது என்று நான் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே ஐயரிடம் போய் எனக்காகச் சண்டை போட்டிருப்பார். நான் தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

"எப்போதிலிருந்து?"

"தை மாசத்திலிருந்து."

அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது. "அப்படியானால் கடைசி நான்கு..." என்றார். முடிக்கவில்லை. என் கையைப் பிடித்து ஒரு தடவை குலுக்கினார், எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கை குலுக்கத் தெரியாது, என் கை அவர் கையில் துணிபோலக் கிடந்தது. "நீ சந்தோஷமாக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"மிஸ்ஸியம்மா என்னட்டி சொல்லுதாவ?" என்று ஒருத்தி முதுகில் இடித்தாள். "தட சொல்லிப்போடுவாவளோண்ணு நாங்க பயந்துட்டோம்!" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

முதல் ஓலை வாசித்துவிட்டால் பெண் வீட்டைவிட்டு வெளியே இறங்கக் கூடாது. ரேந்தைப் பள்ளிக்குக்கூட. நான் போய்ச் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த வழக்கத்தின் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டேன். ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருக்கலாம். எழுதவில்லை. எங்கள் வீட்டுத் திருப்பத்தில் மிஸ்ஸியம்மா எப்போதும் இரண்டு தடவை மணி அடிப்பார். அந்த மூன்று வாரமும் மணி கேட்கவில்லை. சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்கும், ஏற்றம் தொடங்கும் இடத்தில் அது நின்று செருப்புச் சத்தமாக மாறும். நான் அடுக்களைச் சுவரில் சாய்ந்துகொண்டு, அந்தச் சத்தம் மேட்டில் ஏறி முடிகிற வரை கேட்டுக்கொண்டிருப்பேன். மூன்றாவது ஓலைக்கு அவர் எங்கள் கோவிலுக்கு வரவில்லையாம், வேறு சபைக்குப் போய்விட்டாராம். சித்திரையில் கப்பலேறினார். வைகாசியில் எனக்குக் கல்யாணம். அவர் திரும்பி வரவேயில்லை.

இந்தக் கடிதத்தில்தான் மீதி தெரிந்தது. அந்த வருடம் அவர் ஒல்லாந்துக்குப் போகவில்லை. "தனியாகப் போகலாம் என்று கடற்கரை வரை போனேன். எதிர்காற்றுக்கு ஒருவர் போதாது என்று நினைத்துத் திரும்பிவிட்டேன்" என்று எழுதியிருந்தார். பிறகு அவருடைய தாயார் படுக்கையில் விழுந்தார். கூடவே இருந்து பார்த்திருக்கிறார். சென்ற வருடம் அந்த அம்மாளும் போய்விட்டார். இப்போது வீட்டில் யாருமில்லை. "தமிழில் பேச இங்கே ஒருவரும் இல்லை. பூனையிடம் பேசுகிறேன். அது 'பைய வா மக்கா' என்றால் வருகிறது." அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

என்னால் போக முடியாது என்பது அவருக்குத் தெரியாதா? எனக்குக் குழந்தை பிறந்திருப்பதைக்கூட யாரோ எழுதி அவர் அறிந்திருந்தார். அவர் கேட்டது என் வரவை அல்ல. ஐந்து வருடம் முன்பு கோவிலில் இன்னொருவர் வாயால் அவர் கேட்ட பதிலை, என் வாயால் கேட்க விரும்பினார்.

முதல் கடிதத்தில், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினேன். எழுதி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அவள் நன்றாகத்தான் இருந்தாள். நான் எழுதியதால் ஏதாவது வந்துவிடுமோ என்று அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுடுவதுபோல இருந்தது. என் கைதான் சுடுகிறது என்று பிறகு தெரிந்தது. கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். இரண்டாவதில், கணவர் சம்மதிக்க மாட்டார் என்று எழுதினேன். அவரிடம் நான் கேட்கவே இல்லை. மூன்றாவதில், வயதான மாமனாரைத் தனியே விட முடியாது என்று எழுதினேன். அதைப் படித்துப் பார்த்தபோது என் அப்பாவின் குரல் கேட்டது. அதுக்கென்னம்மா, பாப்போம். மூன்று கடிதத்திலும் நான் எங்கேயும் இல்லை. குழந்தை இருந்தது, கணவர் இருந்தார், மாமா இருந்தார். மறுபடியும் யாரையாவது கொண்டு ஓலை வாசிக்க வைக்கப் பார்க்கிறேன் என்று புரிந்தது.

அன்று போயிருந்தால் இவள் பிறந்திருக்க மாட்டாளே என்றும் ஒரு நினைப்பு வந்தது. போயிருக்கலாமே என்று ஆசைப்படுவதே இவளுக்குச் செய்கிற கெடுதலோ என்று தோன்றியது. எழுந்து போய் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். அவள் விழித்துக்கொண்டு, என் விரலைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்தாள். அவளை மடியில் போட்டுக்கொண்டுதான் நான்காவது கடிதத்தை எழுதினேன். மிஸ்ஸியம்மா தனியாகப் படிக்க வேண்டுமே என்று பெரிய எழுத்தில், வார்த்தைகளைப் பிரித்துப் பிரித்து எழுதினேன்.

"நான் வரமாட்டேன். இதைச் சொல்வது நான்தான். வேறு யாரும் என்னைத் தடுக்கவில்லை, ஏனென்றால் நான் யாரிடமும் கேட்கவில்லை. தை மாதமே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வந்த நாளில் பாலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்லாமல் ஊசி குத்தினேன். அது பொய்தான். ஆனால் ஏழாவது ஊர் பொய்யில்லை. அந்தக் குல்லாய்களைப் பார்க்க எனக்கு இன்னமும் ஆசை இருக்கிறது. நீங்கள் பார்த்துவிட்டு, அதில் எத்தனை இழை, விளிம்பில் என்ன பின்னல் என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். பிழை இருந்தால் நான் திருத்தி அனுப்புகிறேன்."

கொட்டாரத்தில் இருப்பது சமஸ்தானத்தின் அஞ்சல், அதில் போட்டால் கடிதம் திருவிதாங்கூருக்குள்தான் போகும். சீமைக்குப் போக வேண்டுமென்றால் நாகர்கோவில் தபாலாபீசில் போட வேண்டும். மறுநாள் காலை மாமா கோட்டாற்றுச் சந்தைக்குப் புறப்பட்டார். வயல் வரப்பு வழியாகப் போய் ரோட்டில் வண்டி பிடிப்பார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடிதத்தைக் கொடுத்தேன். அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உறையைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"சீமைக்கா? யாருக்கும்மா?"

"எங்க மிஸ்ஸியம்மாவுக்கு, மாமா."

"சொகமாண்ணு கேட்டு எழுதினியா?"

"வரமாட்டேன்னு எழுதியிருக்கேன்."

"எங்க வரமாட்டேன்னு?"

"ஒல்லாந்துக்கு."

மாமா என்னைப் பார்த்தார். என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பொல்லாத சிரிப்பு இல்லை, நல்ல மனிதர்.

"பச்சப்பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு எவளாம் ஒல்லாந்துக்குப் போவாளா? அதுக்கு ஒரு கடுதாசி வேணுமாம்மா?"

உறையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நடந்தார்.

"வேணும், மாமா" என்றேன். அதற்குள் அவர் வரப்பில் இறங்கியிருந்தார்.